பச்சைக் கேட்டுக் கம்பெனி

மடியில் குழந்தை தூங்கினால் பார்க்கிறவர்கள் எல்லாரும் அடடா என்று தலையைச் சாய்க்கிறார்கள், அந்தத் தலைக்குக் கீழே மரத்துப்போகிற தொடையை விசாரிக்க ஒருத்தருக்கும் வாயில்லை என்று நினைத்துக்கொண்டே பரிமளா இடது காலை ஒரு விரற்கடை நகர்த்தப் பார்த்தாள். பாப்பா உம் என்று முனகியது. சரி தாயே, நீ தூங்கு, கால் எனக்கு எதற்கு என்று விட்டுவிட்டாள். எதிர்ச் சுவரில் ஒரு படம். மஞ்சள் தொப்பி போட்ட ஒருவன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரிக்கிறான், அவன் காலடியில் பாதுகாப்பே எங்கள் உயிர்மூச்சு என்று எழுதியிருக்கிறது. வெயில் படாத மூஞ்சி. இவன் எந்த டிரெய்லரில் ஏறினான், எந்தச் சங்கிலியை இழுத்துக் கட்டினான், கல்யாண வீட்டில் பன்னீர் தெளிக்க நிற்கிறவன் மாதிரி இருக்கிறான். படத்துக்குக் கீழே மானேஜர் கிருபாகரனின் மேசை, மேசைமேல் கண்ணாடி, கண்ணாடிக்கு அடியில் சாமி படங்கள், எல்லாச் சாமியும் கிருபாகரனின் சென்ட் வாசத்தில் மூச்சு முட்டிக் கிடந்தன. அந்த ஆள் வாசலில் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தான். நல்லசிவம் ஒரு பழைய வண்டியை எடுத்துக்கொண்டு பைபாஸ் வரைக்கும் போயிருந்தான், ஓட்டத் தெரிகிறதா என்று பார்க்க கம்பெனி டிரைவர் ஒருவர் பக்கத்தில் ஏறியிருந்தார். அவன் ஓட்டுவதைச் சோதிக்கிறார்களாம். ஓட்டத் தெரியுமா தெரியாதா என்பதா இங்கே கேள்வி. கண்ணைக் கட்டிவிட்டாலும் ரிவர்ஸ் எடுப்பான். எடுக்கத் தெரியாதது ஒன்றே ஒன்றுதான், வேண்டாம் என்கிற சொல். யார் டீ கொடுத்தாலும் குடித்துவிட்டுத் தலையாட்டுவான். அதற்காகத்தான் கைக்குழந்தையையும் தூக்கிக்கொண்டு அவன் பின்னால் பைக்கில் உட்கார்ந்து கம்பெனி கம்பெனியாக அவள் வருவது. ஊரில் சிரிக்கிறார்கள். பெண் பார்க்கப் போகிற மாதிரி புருசனுக்கு லாரி பார்க்கப் போகிறாள் என்று நாத்தனார் சொன்னாளாம். சொல்லட்டும். அவள் புருசன் வாட்ச் கடையில் உட்கார்ந்து ஈ ஓட்டுகிறவன், கடிகாரம் முன்னால் உருண்டு வந்து முதுகில் மோதாது.

மோதாது என்று நினைத்ததும் நெஞ்சுக்குள் அது மறுபடி ஒரு தடவை உருண்டது. வேண்டாம். அதை நினைக்க வேண்டாம், வேறு எதையாவது நினை. கம்பெனிகளை நினை. சங்ககிரி ரோட்டில் தடுக்கி விழுந்தால் லாரி கம்பெனி, அதில் நல்லசிவம் ஓட்டுகிற தினுசு டிரெய்லர் வைத்திருப்பவர்கள் கொஞ்சம் பேர்தான். பக்கப் பலகை கிடையாது, கூரை கிடையாது, தோசைக்கல் மாதிரி தட்டையாகக் கிடக்கும், அதன்மேல் எதை வைக்கிறார்களோ அதைப் பெல்ட்டாலும் சங்கிலியாலும் கட்டி நிறுத்துகிற கட்டுதான் பலகை, கட்டுதான் கூரை, எல்லாமே கட்டுதான். மற்ற லாரிக்காரன் லோடு ஏற்றினால் கதவைச் சாத்திவிட்டுப் போய்விடுவான். இவர்களுக்குச் சாத்தக் கதவு ஏது. இதெல்லாம் கல்யாணமான புதுசில் நல்லசிவம் தோசைக்கல்லின்மேல் ஒரு கத்தரிக்காயை வைத்துக் காட்டிச் சொன்னது. அப்போது சிரித்தாள். கத்தரிக்காய்க்குப் பெல்ட் போடுங்க என்று கேலி பேசினாள். எல்லாவற்றுக்கும் சிரிக்கிற வாய். அந்த வாயால்தான் எல்லாம்.

முதலில் பார்த்த கம்பெனியில் அந்த முதலாளி கும்பிட்டு வரவேற்று, இங்க மொதலாளி தொழிலாளி எல்லாம் கிடையாதும்மா, நாம எல்லாம் ஒரே குடும்பம் என்றார். குடும்பமாம். பரிமளாவுக்கு அந்த இடத்திலேயே பல் கூசியது. குடும்பம் என்றால் என்ன என்று அவளுக்குத் தெரியாதா, குடும்பத்தில்தான் ஒருவன் உழைப்பான், மற்றவர்கள் அவன் உழைத்ததைப் பற்றிக் கருத்துச் சொல்வார்கள். அங்கே அவள் பாத்ரூம் எங்கே என்று கேட்டாள். அவளுக்கு அது ஒரு கணக்கு, யாருக்கும் சொல்லாமல் வைத்திருந்த கணக்கு. டிரைவர் போகிற பாத்ரூம் எப்படி இருக்கிறதோ அப்படித்தான் டிரைவரை வைத்திருப்பார்கள், முன்னால் இருக்கிற சோபாவைப் பார்த்து ஒரு பிரயோசனமும் இல்லை. ஒரே குடும்பக் கம்பெனியின் பாத்ரூமுக்குக் கதவில்லை, ஒரு சாக்குத்தான் தொங்கியது, குடும்பத்துக்குள் கதவு எதற்கு என்று வைத்திருப்பார்கள் போல. வெளியே வந்ததும் நல்லசிவத்தின் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து இழுத்து, எந்திரிங்க போலாம் என்றுவிட்டாள். அதற்கப்புறம் போனது ஆட்டுக்காரம்மா கம்பெனி. அதை நினைத்தால் இப்போதும் சிரிப்புத்தான் வந்தது. சேலைக்கு மேலே ஆம்பளை முழுக்கைச் சட்டை போட்ட ஒரு பொம்பளை, பேர் சுலோச்சனாவாம், அந்த மூஞ்சிக்கு அந்தப் பேர். உட்காரு என்று ஒரு வார்த்தை இல்லை. உட்காரச் சொல்ல நாற்காலியும் இல்லை. யார்டு முழுக்க ஆடு. நல்லசிவத்தை மேலும் கீழும் பார்த்துவிட்டு, லோடு கட்டிட்டுக் கெளம்புனா எவ்வளவு தூரம் போயி வண்டிய நிறுத்தி எறங்கிப் பாப்பே என்று கேட்டாள், அவன் என்னமோ சொன்னான், உம் என்றாள், வண்டிக்கு அடியில் குனிந்து போய் எந்தக் கட்டு உனக்குப் புடிக்கலைன்னு சொல்லு என்றாள், அவனும் வெள்ளைச் சட்டையோடு குனிந்து போனான், கிரீஸைப் பூசிக்கொண்டு வந்தான். வேண்டுமென்றால் வந்து சேர்ந்துகொள் என்றுகூடச் சொல்லவில்லை அந்த அம்மா. வீட்டுக்குப் போயி ரோசனை பண்ணு, அவசரத்துக்கு வர்றவன் எனக்கு வேண்டாம் என்றாள். ராணி. ஆட்டுப் புழுக்கை ராணி. பாத்ரூம் கேட்டதற்கு, குப்பைக்கு அந்தாண்ட என்று தாடையால் காட்டினாள். குப்பை என்றால் ஏதோ கொஞ்சம் காகிதம் கிடக்கும் என்று பார்த்தால் ஒரு மேடே கிடந்தது, மஞ்சளும் ஊதாவுமாக அறுந்த பெல்ட்டுத் துண்டுகள், முழ நீளம்கூட இல்லாத துண்டுகள், மழையில் நனைந்து மண் பூசி, அதன் உச்சியில் ஒரு கடா ஏறி நின்றுகொண்டு இவளைப் பார்த்தது. திரும்பி வருகிற வழியெல்லாம் பரிமளா சிரித்தாள். அந்தக் கடாதான் முதலாளி, அந்தம்மா மானேஜர் என்றாள். பைக் ஓட்டிக்கொண்டு நல்லசிவமும் சிரித்தான். சிரித்தானா. முதுகு குலுங்கியது. முன்பக்கத்து முகத்தை அவள் எங்கே பார்த்தாள்.

முதுகு. அந்த முதுகில் இப்போதும் ஒரு தழும்பு உண்டு, சீப்பால் கீறின மாதிரி வரிசையாக. ஒன்னுமில்ல, சீட்டு கொஞ்சம் முன்னால வந்துருச்சு என்றுதான் போனில் சொன்னான். ஓசூர் தாண்டி ஒரு சின்ன வேன் குறுக்கே வந்தது, பிரேக் போட்டேன், சீட்டு கொஞ்சம் முன்னால வந்துருச்சு. பல்வலி என்று சொல்கிற குரலில் சொன்னான். அப்புறம் அவனுடைய படுக்கையையும் துணிமணியையும் எடுத்துவர அவளும் அந்தப் பழைய கம்பெனிக்குக் கூடப் போனபோதுதான் வண்டியைப் பார்த்தாள். பின்னால் காயில் ஏற்றியிருந்தது. காயில் என்றால் இரும்புத் தகட்டைப் பாய் சுருட்டுகிற மாதிரி சுருட்டி வைத்தது, பார்க்கச் சின்னதாகத்தான் இருக்கிறது, ஒவ்வொன்றும் கோயில் தேரின் கனம். வண்டி நின்றுவிட்டது, காயில் நிற்கவில்லை. கட்டின பெல்ட்டை அறுத்துக்கொண்டு முன்னால் வந்து கேபினின் முதுகுத் தகட்டைத் தள்ளி, தகடு சீட்டைத் தள்ளி, சீட்டு அவனை ஸ்டியரிங்கோடு சேர்த்து அமுக்கி, அங்கே என்னமோ போதும் என்று தோன்றி நின்றிருக்கிறது. சீட்டுக்கும் தகட்டுக்கும் நடுவில் அவள் கட்டுச்சோறு போட்டுக் கொடுத்த தூக்குப்போசி இருந்தது. அதை அவனே எடுத்துக் கொடுத்தான். அப்பளம் மாதிரி இருந்தது. போசியா அது. மூடி எது, அடி எது, பிடி எது என்று தெரியவில்லை, எல்லாம் ஒரே தகடு, நடுவில் புளிச்சோற்றின் மஞ்சள் கறை. அதை எதற்கு வாங்கினாள், எதற்கு வீட்டுக்குக் கொண்டுவந்து அரிசிப் பானைக்குப் பின்னால் செருகி வைத்தாள், அவளுக்கே தெரியாது. அரிசி எடுக்கிற போதெல்லாம் கை படுகிறது. கை படுகிற போதெல்லாம் அப்பளம் அப்பளம் என்று மனசு சொல்கிறது. சொந்தக்காரர்களுக்கு அப்பளம் பொரிக்கிற போது ஒரு தடவை அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். புகை என்று சொல்லிச் சமாளித்தாள். போதும். இங்கே உட்கார்ந்துகொண்டு இதை நினைத்தால் கண்ணீர் வரும், அந்தச் சென்ட்டு உள்ளே வந்து என்ன சிஸ்டர் என்பான்.

நல்லசிவம் அன்றைக்குப் படுக்கையைச் சுருட்டிக் கட்டிக்கொண்டு வந்ததும் ஒரு பெல்ட்டால்தான். மஞ்சள் பெல்ட், நாலு விரல் அகலம், நல்ல கெட்டி, நடுவில் எங்கேயோ அறுந்து ஒரு முடிச்சுப் போட்டு ஒட்டவைத்தது. பார்த்ததுமே இதை விடக்கூடாது என்று எடுத்து அவள் பாப்பாவுக்குத் தொட்டில் கட்டினாள், உத்தரத்தில் பெல்ட்டைப் போட்டு அதில் சேலையைக் கோத்தாள். ஆனையையே கட்டலாம், இந்த ஆனைக்குட்டி எந்த மூலைக்கு என்று பாப்பாவை ஆட்டிப் பாட்டெல்லாம் பாடினாள். நல்லசிவம் சந்தைக்குப் போய்விட்டு வந்தவன் பையைக் கீழேகூட வைக்கவில்லை. குழந்தையைத் தூக்கி அவளிடம் கொடுத்தான், பெல்ட்டை அவிழ்த்தான், வாசற்படியில் வைத்து அருவாளால் துண்டு துண்டாக வெட்டினான், வெட்டின துண்டையும் மறுபடி வெட்டினான். என்னங்க, நல்ல பெல்ட்டு என்றதற்கு இன்னும் ஓங்கி வெட்டினான். அவளுக்கு ஆத்திரமான ஆத்திரம். அடிபட்ட வண்டியின் பொருள் வீட்டில் இருக்கக்கூடாது என்று எவனாவது ஜோசியக்காரன் சொல்லியிருப்பான், இவனும் தலையாட்டியிருப்பான், டீ கொடுத்திருப்பான் போல என்று ஏசினாள். கயிறு வாங்கித்தான் தொட்டில் கட்ட வேண்டியிருந்தது. என்ன மனுசன். நல்ல பொருளை வெட்டிப்போடுகிற மனுசன்.

கண்ணாடிக்கு வெளியே யார்டு தெரிந்தது, அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்குக் கொஞ்சம் மூச்சு சீரானது. இதையாவது ஒத்துக்கொள்ள வேண்டும். கிருபாகரன் எப்படிப்பட்டவனாகவும் இருக்கட்டும், இடம் சுத்தம். ஒரு காகிதம் இல்லை, ஒரு எண்ணெய்க் கறை இல்லை, தண்ணீர் தெளித்துக் கூட்டியிருந்தார்கள். வண்டிகள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக நின்றன. லோடு ஏற்றிக் கிளம்பப் போகிற ஒன்றுக்கு மாலை போட்டு, எல்லாச் சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தார்கள். எங்க யார்டுல ஒரு குப்பையைக் காட்டிருங்க பாக்கலாம் மேடம், ஒரு பொருளை வீணாக்க மாட்டோம் என்று கிருபாகரன் வந்ததும் சொன்னான். அவன் சொன்னால் எதையும் நம்பக்கூடாது என்று அவள் வைத்திருந்தாள், ஆனாலும் கண் பார்த்துவிட்டது. கூட்டிப் பெருக்கின வாசல் என்றால் அவளுக்கு ஒரு பலவீனம். பள்ளிக்கூடத்தில் அவள்தான் வகுப்பறை லீடர், துடைப்பம் அவள் கையில்தான் இருக்கும், பொருளை வீணாக்காத பிள்ளை என்று டீச்சர் சொல்லியிருக்கிறார். கொஞ்சம் கொஞ்சமாக மனசு இங்கே பாய் விரிக்க ஆரம்பித்தது. இங்கே சேர்ந்தால் தீபாவளிக்கு ஊரில் இருப்பானா. பாப்பாவுக்குக் காது குத்துகிற அன்றைக்கு இருப்பானா. புதுத் தூக்குப்போசி ஒன்று வாங்க வேண்டும், எவர்சில்வரில், நல்ல கனமாக, எதுவும் நசுக்க முடியாத மாதிரி. அப்படி ஒன்று விற்கிறார்களா. சீ. பைக்கை வந்ததும் பின்பக்க நிழலில் நிறுத்தச் சொன்னார்கள், நல்லசிவம் போனவன் திரும்ப ரொம்ப நேரம் ஆனது. தலை சீவி முகம் கழுவிக்கொண்டு வந்தான், முன்மயிரில் தண்ணீர் சொட்டியது. மாப்பிள்ளை அலங்காரம் என்று நினைத்தாள். கேட்டதற்கெல்லாம் சரிங்க சரிங்க என்றான். அவள் முகத்தை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை. வெட்கம் என்றும் நினைத்தாள். எல்லாம் நினைப்பாள் அவள், நினைப்பதற்கு என்ன குறைச்சல்.

லாரி ஹாரன் ஒன்று வாசலில் அலறியதும் பாப்பா திடுக்கென்று எழுந்து வாயைப் பிளந்தது. பிளந்தால் அப்படி ஒரு அழுகை, சாமி படமெல்லாம் அதிர்கிற அழுகை. கிருபாகரன் போனை வைத்துவிட்டு ஓடிவந்தான். அடடா அடடா என்றான். மேசைமேல் ஒரு தட்டு இருந்தது, தட்டில் வெற்றிலை பாக்கு, அதன்மேல் புது வண்டியின் சாவி, குங்குமம் வைத்துத் தயாராக இருந்தது, நல்லசிவம் வந்ததும் கையில் கொடுக்க. அந்த ரோட்டில் அது ஒரு வழக்கம். ஆர்டர் பேப்பர் எல்லாம் அப்புறம்தான், முதலாளியோ மானேஜரோ தட்டில் வைத்துச் சாவியைக் கொடுப்பார், டிரைவர் இரண்டு கையாலும் வாங்கினால் பேச்சு முடிந்தது, வாங்கின சாவியைத் திருப்பிக் கொடுத்தால் வண்டிக்கு ஆகாது, மறுபடி பூசை போட்டுத்தான் எடுப்பார்கள். எந்த டிரைவரும் திருப்பிக் கொடுக்க மாட்டான். அந்தச் சாவியைத்தான் கிருபாகரன் எடுத்துக் குழந்தை முகத்துக்கு முன்னால் கிலுகிலு என்று ஆட்டினான். பாப்பா அழுகையை நிறுத்தியது, பார்த்தது, இரண்டு கையாலும் பிடுங்கியது, நேராக வாயில் வைத்தது. கிருபாகரனுக்கு மூஞ்சியெல்லாம் சிரிப்பு. போச்சு மேடம், வீட்டு மகாலட்சுமியே வாங்கிருச்சு, இனி சாரைக் கேக்க வேண்டியதே இல்லை என்றான். அப்போதே முதலாளிக்குப் போன் போட்டுச் சொன்னான், பாப்பா கையாலயே வாங்கிருச்சுங்கண்ணா, ரெண்டு கையாலயும். பரிமளாவும் சிரித்தாள். பிடிக்காத மனுசன், இருந்தாலும் நல்ல வாக்கு. கால் மரத்து ஊசி குத்தியது, எழுந்து நின்று உதறினாள், பாத்ரூம் எங்கீங் என்று கேட்டாள். பின்னாடி மேடம், டைல்ஸ் போட்டது என்றான். பெருமையைப் பார்.

டைல்ஸ்தான். வெள்ளை டைல்ஸ், கதவு, கதவுக்குத் தாழ்ப்பாள், உள்ளே சோப்புக்கூட இருந்தது. அவள் கணக்குப்படி நூற்றுக்கு நூறு. பாப்பாவின் எச்சிலைத் துடைத்துவிட்டு வெளியே வந்தவள் நிழலில் நிற்கிற அவர்கள் பைக்கைப் பார்த்தாள், பைக்குக்குப் பின்னால் இருந்த நீளச் சுவரைப் பார்த்தாள். சுவர் முழுக்க வரிசையாக ஆணி. ஒவ்வொரு ஆணியிலும் ஒரு பெல்ட் மடித்துத் தொங்கியது. மஞ்சள், ஊதா, மஞ்சள், ஊதா, எல்லாம் துவைத்துக் காயப்போட்ட மாதிரி சுத்தமாக, அளவெடுத்து மடித்து. எத்தனை நேர்த்தி என்று முதலில் நினைத்தாள். நிஜமாகவே நினைத்தாள். ஒரு பொருளை வீணாக்க மாட்டோம் மேடம். கிட்டே போய்ப் பார்த்தபோது ஒவ்வொன்றிலும் நடுவில் புடைத்துக்கொண்டு ஒரு முடிச்சு இருந்தது. சிலதில் இரண்டு. அறுந்த இடத்தில் முடிச்சு, முடிச்சுக்குப் பக்கத்தில் அறுந்து மறுபடி முடிச்சு, முடிச்சின் நுனியைப் பிரியாமல் தீயில் வாட்டி ஒட்டியிருந்தார்கள், அவ்வளவு சிரத்தை. ஒன்றில் கை வைத்தாள். கெட்டியாக இருந்தது. ஆனையையே கட்டலாம். வாசற்படியில் அருவாள் விழுகிற சத்தம் காதில் கேட்டது, மஞ்சள் துண்டு, மறுபடி துண்டு, நல்ல பெல்ட்டுங்க, கயிறு கயிறாக நார் பிரிந்து படியில் பறக்கிறது, முடிச்சு இருந்த இடத்தை மட்டும் அவன் மூன்று தடவை வெட்டினான், சேலைக்குள் பாப்பா, சேலைக்கு மேலே உத்தரத்தில் முடிச்சு, அவள் கீழே நின்று பாட்டுப் பாடுகிறாள், ஜோசியக்காரன் இல்லை, எந்த ஜோசியக்காரனும் இல்லை, அப்பளம், அது முடிச்சில்தான் அறுந்தது, முடிச்சில்தான் அறும், அவனுக்குத் தெரியும், வெட்டினால்தான் யாரும் மறுபடி முடிச்சுப் போட மாட்டார்கள், முழ நீளம்கூட இல்லாத துண்டுகள், மேடு மேடாக, மழையில் நனைந்து, மேலே ஒரு கடா. ஐயோ, அந்தக் கடா. பரிமளா பைக் சீட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சீட்டில் ஒரு கைக்குட்டை ஈரமாகக் கிடந்தது, நல்லசிவத்தினுடையது. இங்கேதான் நிறுத்தினான். இந்தச் சுவருக்கு எதிரில்தான். ரொம்ப நேரம்.

அவள் முன்பக்கம் வரும்போது அவனும் வந்து இறங்கியிருந்தான். கூடப் போன டிரைவர் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார், படத்தில் இருக்கிறவன் மாதிரியே. கிருபாகரன் தட்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு, சார் உங்களுக்கு வேலையே இல்ல, மகளே வாங்கியாச்சு என்று கதையை முதலிலிருந்து சொன்னான், நல்லசிவம் சிரித்துக்கொண்டு கேட்டான். அந்தச் சிரிப்பு. இத்தனை நாளும் அந்தச் சிரிப்பைப் பார்த்து மண்ணு மண்ணு என்று திட்டியிருக்கிறாள். அவனைத் தனியாக, மாலை போட்ட வண்டியின் மறைவுக்கு, சட்டையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

"பின்னால பாத்தீங்களா?"

அவன் பாப்பாவின் கன்னத்தைத் துடைத்தான். அப்புறம், "பாத்தேன்" என்றான்.

"பாத்துட்டுமா சரிங்க சரிங்கன்னீங்க?"

"எத்தன நாளைக்குத்தான் வீட்ல உக்காந்துட்டு இருக்கறது பரிமளா. நான் பாத்துக் கட்டிக்குவேன். ஒரு அளவுக்குப் பாத்துக் கட்டிக்கலாம்." கொஞ்ச நேரம் காலடியில் இருந்த எலுமிச்சம்பழத்தைப் பார்த்தான். "அந்தம்மாகிட்டயே சேந்துக்கலாம்னுதான் இருந்தேன். நீ சிரிச்சே."

அவ்வளவுதான் சொன்னான். குரலில் குற்றமே இல்லை, இட்லி ஆறிப்போச்சு என்கிற மாதிரி சொன்னான். ஆமாம், சிரித்தாள். வழியெல்லாம் சிரித்தாள். கடாதான் முதலாளி என்றாள். அவன் முதுகு குலுங்கியது, ரோட்டில் அன்றைக்கு அத்தனை குழி, குலுங்காமல் என்ன செய்யும். டீ கொடுத்தவனுக்கெல்லாம் தலையாட்டுகிறவன் என்று இவனைச் சொன்னாளே, சோப்பு வைத்தவனுக்குத் தலையாட்ட இருந்தது யார். டைல்ஸாம். நூற்றுக்கு நூறாம். வகுப்பறை லீடர். சுத்தமாக இருந்ததால் நல்லதாக இருக்கும் என்று, குப்பையாக இருந்ததால் கெட்டது என்று, துடைப்பக்கட்டையைத் தவிர வேறு எதுவும் தெரியாத மண்டை. குப்பை இருந்த இடத்தில்தான் தூக்கிப் போடுகிற கை இருந்தது. இங்கே எதையும் தூக்கிப் போட மாட்டார்கள், அறுந்ததைத் துவைத்து மடித்து ஆணியில் மாட்டுவார்கள், ஒருநாள் அவனையும் அப்படியே துவைத்து மடித்து. வேண்டாம். அப்பளம் என்று வந்த சொல்லை உதட்டிலேயே கடித்து நிறுத்தினாள்.

பாப்பாவின் வாயிலிருந்து சாவியைப் பிடுங்கினாள். இரும்பை விட மாட்டேன் என்று பாப்பா உடும்பாகப் பிடித்தது, ஒவ்வொரு விரலாகப் பிரிக்க வேண்டியிருந்தது. பிரித்ததும் அது எடுத்த அழுகையில் வாட்ச்மேன் எழுந்து நின்றுவிட்டார். பரிமளா சாவியைச் சேலை முந்தானையில் துடைத்தாள், எச்சில் போகத் துடைத்தாள், அதில் அவசரப்படவில்லை. கிருபாகரன் தட்டை ஏந்திக்கொண்டு நிற்க, அந்தத் தட்டிலேயே, வெற்றிலைக்கு மேலே வைத்தாள்.

"என்னங் சிஸ்டர் இது" என்றான். சிரிப்பு இன்னும் போகவில்லை, போகிற வழி தெரியாமல் மூஞ்சியிலேயே நின்றது. "வாங்குனதைத் திருப்பலாமுங்களா. வண்டிக்கு ஆகாதுங்க."

"வாங்குனது பாப்பாங்க. அவ லைசென்ஸ் எடுத்ததும் அனுப்பி வெக்கறேன், வந்து ஓட்டுவா" என்றாள் பரிமளா. "அதுக்குள்ள அந்த ஆணியில தொங்கறதையெல்லாம் வெட்டிப் போட்டு வெய்ங்க."

எதை, எந்த ஆணி என்று அவன் கேட்டான். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டான். சாமி படத்தைக் கண்ணாடிக்கு அடியில் போட்டு மூச்சு முட்ட வைத்திருக்கிற அந்த ஆளுக்கு, அந்தச் சுவர்தான் அவன் கம்பெனியிலேயே அழகான இடம். முடிச்சுப் போட்டா இன்னுங் கெட்டிதானுங்க என்றான். கூடப் போன டிரைவர் வேறு பக்கம் பார்த்தார். மாலை போட்ட வண்டியில் ஏறப் போகிறவர் அவர்தான் போல, கழுத்தில் துண்டு, கையில் தண்ணீர் பாட்டில். அவருக்கும் வீட்டில் ஒருத்தி இருப்பாள், போசியில் சோறு போட்டுக் கொடுத்திருப்பாள். அண்ணா, நீங்களும் ஒரு தடவ அந்தச் சுவத்தப் பாருங்க என்று அவரிடம் பரிமளா சொன்னாள். அவர் மெதுவாக, அந்த முடிச்செல்லாம் நான் போட்டதுதான் அம்மிணி என்றார். நல்லசிவம் பின்பக்கம் போய் பைக்கை எடுத்துவந்தான், இந்தத் தடவை உடனே வந்தான். பச்சைக் கேட்டைத் தாண்டும்போது மாலை போட்ட அந்த வண்டியும் பின்னாலேயே கிளம்பியது, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்குகிற சத்தம், பொதுக் பொதுக் என்று, பாப்பாவின் அழுகைக்கு நடுவிலும் அவளுக்குக் கேட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. நல்லசிவத்தின் முதுகில் கன்னத்தை வைத்துக்கொண்டாள். சட்டைக்குள் அந்தச் சீப்புக் கீறல் கன்னத்தில் தட்டுப்பட்டது.

பாப்பா விக்கி விக்கி ஓய்ந்து, இருவருக்கும் நடுவில் தூங்கத் தொடங்கியது. கவுண்டர் தோட்டத்துப் பிரிவு வந்தது. வலது பக்கம் போனால் வீடு, இடது பக்கம் போனால் ஆட்டுக்காரம்மா. நல்லசிவம் வண்டியை மெதுவாக்கினான், ஆனால் எந்தப் பக்கமும் விளக்குப் போடவில்லை, எதுவும் கேட்கவும் இல்லை. அவசரத்துக்கு வருகிறவன் வேண்டாம் என்று சொன்ன மூஞ்சி, மறுபடி போய் அதன் முன்னால் நிற்க வேண்டும், அதுவும் இந்தத் தடவை சிரிக்காமல் நிற்க வேண்டும். அந்தம்மா என்ன, ரோசனை பண்ணியாச்சா என்பாள், சும்மா விட மாட்டாள், அந்தக் கடா வேறு மேட்டின் மேலே நின்று பார்க்கும். பார்க்கட்டும். அந்த மேட்டைத் தூரத்திலிருந்து பார்த்தாலே போதும், எவ்வளவு உசரமோ அவ்வளவுக்கு நல்லது. நல்லசிவத்தின் தோளைத் தட்டி இடது பக்கம் கையைக் காட்டினாள்.

"அந்தப் பேக்கரில நிறுத்துங்க, ஒரு டீயக் குடிச்சுட்டுப் போயிரலாம்" என்றாள். "அங்க போனா அந்தப் பொம்பளை பச்சைத் தண்ணிகூடக் குடுக்க மாட்டா."